மூன்று ஆன்டிவைரஸ் போட்டும் போகாத பாப்-அப்: இலவச ஸ்பைவேர் ஸ்கேனர்களைச் சோதித்துப் பார்க்கும் முறை

சித்தி மகள் கல்லூரிப் படிப்புக்காக ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். ஒரு மாதம் கழித்து போன் வந்தது.

"அண்ணா, கீழே ஓரத்துல 'உங்க கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்கு'ன்னு வந்துக்கிட்டே இருக்கு. மூணு ஆன்டிவைரஸ் போட்டுட்டேன், அப்பவும் வருது."

"எங்கேருந்து எடுத்த?"

"கூகுள்ல 'ஃப்ரீ ஆன்டி ஸ்பைவேர்'னு தேடினேன். முதல்ல வந்த மூணையும் போட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அன்று செய்த வேலையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். பைசா செலவில்லை. அரை நாள் நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும். போனில் வரும் ஸ்பைவேர் தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

தேடுவதற்கு முன்னால்

எல்லாவற்றையும் 'வைரஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உளவு பார்க்கும் மென்பொருளான ஸ்பைவேருக்குக் கணினியைக் கெடுப்பதில் ஆர்வமில்லை. கணினி நன்றாக ஓடினால்தான் அதற்குப் பிழைப்பு. நீங்கள் போகும் தளங்களைக் குறித்துவைத்து விளம்பரக்காரர்களிடம் விற்கும் ஒரு ரகம். பிரவுசரின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும் இன்னொரு ரகம். தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர் பழைய கை. இப்போது அதிகம் புழங்குவது 'ஸ்டீலர்'. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் (நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளம் அடையாளம் காண வைக்கும் சிறு குறிப்புகள்) மூட்டை கட்டி எங்கோ அனுப்பிவிடும். சில ஸ்டீலர்கள் வேலை முடிந்ததும் தடயத்தையும் அழித்துக்கொண்டு போய்விடும். லும்மா என்கிற ஸ்டீலர் 2025 மார்ச் 16-க்கும் மே 16-க்கும் இடையில் 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கணக்குக் கொடுத்தது. அந்த மே மாதத்தில்தான் நீதிமன்ற உத்தரவோடு அதன் இணைய முகவரிகளை முடக்கினார்கள்.

'ஆன்டி-ஸ்பைவேர்' என்று தேடுவதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது இருபது வருடத்துக்கு முந்தைய சொல். 2000 வாக்கில் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் விளம்பர உளவாளிகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதனால் ஆட்-அவேர், ஸ்பைபாட் என்று தனி மென்பொருள்கள் வந்தன. பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு இந்தப் பெயர்கள் நினைவிருக்கும். 2004 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஜயண்ட் என்ற சிறிய நிறுவனத்தை வாங்கி, அதனுடைய ஸ்பைவேர் ஒழிப்பானை 'விண்டோஸ் டிஃபெண்டர்' ஆக்கியது. விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் அது ஸ்பைவேரை மட்டும்தான் பார்த்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அதுவே முழு ஆன்டிவைரஸ். ஆக, நீங்கள் தேடிப் போகும் பொருள் ஏற்கெனவே உங்கள் கணினிக்குள்தான் இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பழைய சொல்லைப் போட்டுத் தேடினால் பழைய பட்டியல்கள் வரும், அல்லது அந்தச் சொல்லைத் தேடும் பதற்றக்காரர்களுக்காகவே வலை விரித்தவர்கள் வருவார்கள். தங்கை மாட்டியது இரண்டாவது வகையில்.

முதல் வேலை: பாப்-அப் எங்கிருந்து வருகிறது?

வலது கீழ் மூலையில் வரும் செய்தியை மூடுவதற்கு முன் அதன் சிறு எழுத்தைப் படியுங்கள். 'கூகுள் குரோம்' என்றும் அதன் பக்கத்தில் ஏதோ ஒரு தள முகவரியும் இருந்தால், அதை அனுப்புவது வைரஸ் அல்ல. எப்போதோ ஒரு தளம் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?" என்று கேட்டு, நீங்கள் 'அலோவ்' கொடுத்திருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு பிரபல ஆன்டிவைரஸ்களின் பெயரில் பயமுறுத்துகிறார்கள். இதை எந்த ஸ்கேனராலும் சரியாகப் பிடிக்க முடியாது. அனுமதி கொடுத்தது நீங்கள் அல்லவா?

குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று உள்ளே போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்குங்கள். எட்ஜ் பிரவுசரிலும் இதே மாதிரி பட்டியல் உண்டு. தங்கையின் பட்டியலில் ஒரு சினிமாத் தளமும், வாயில் நுழையாத பெயரில் ஏழெட்டுத் தளங்களும் இருந்தன. நீக்கியதும் பாப்-அப் நின்றது. "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது: வந்த விருந்தாளிகளை அனுப்புவது

புதிதாக எதையும் போடுவதற்கு முன் பதற்றத்தில் போட்டவற்றை எடுக்க வேண்டும். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' போய், நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி எது வந்தது என்று பாருங்கள். 'கிளீனர்', 'பூஸ்டர்', 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயர் கொண்டவற்றை யோசிக்காமல் அனுப்பலாம். எனக்கு இந்த ரகத்தின் மேல் தனிக் கோபமே உண்டு. வருடங்களுக்கு முன் இப்படி ஒரு 'கிளீனர்' என் கணினியில் ஆயிரத்துச் சொச்சம் பிழை இருப்பதாகச் சொல்லி, சரி செய்ய அட்டை எண் கேட்டது. நானும் பாதி எண்ணைத் தட்டிவிட்டேன்.

இந்தப் பட்டியலில் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் இருந்தால், அது யார், எதற்குப் போட்டது என்று வீட்டில் கேளுங்கள். அவை நேர்மையான மென்பொருள்கள். அதனாலேயே பெரும்பாலான ஸ்கேனர்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆனால் வங்கி ஊழியர் போலப் பேசி இதைப் போடச் சொல்லிப் பணம் எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2019-லேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி இதுபற்றி எச்சரித்தது.

தங்கை போட்ட மூன்றில் இரண்டு வெறும் 'கிளீனர்'. மூன்றாவது உண்மையான ஆன்டிவைரஸ்தான். ஆனால் முழு ஆன்டிவைரஸ் ஒன்று வந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். மூன்றையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் டிஃபெண்டர் திரும்பக் காவலுக்கு வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு முழு ஆன்டிவைரஸ் வேண்டாம். இரண்டும் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்க்க முண்டியடித்தால் கணினி நகராது.

மூன்றாவது: டிஃபெண்டருக்கு ஒரு பரீட்சை

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்' போங்கள். 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதற்குள் 'ரியல்-டைம்', 'கிளவுட்-டெலிவர்டு', 'டேம்பர் ப்ரொடெக்ஷன்' மூன்றும் 'ஆன்' ஆக இருக்க வேண்டும். பிறகு ஒரு 'குயிக் ஸ்கேன்' ஓட்டுங்கள்.

தங்கையின் லேப்டாப்பில் எல்லாம் பச்சை டிக். ஸ்கேன் முடிவில் ஆபத்து பூஜ்யம். எனக்குத் திருப்தி இல்லை. காவல்காரர் முழித்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரியை உருவாக்கி வைத்திருக்கிறது. அதனால் எந்தத் தீங்கும் கிடையாது. பழைய டாஸ் கணினியில் ஓட்டினால் "இது சோதனைக் கோப்பு" என்கிற பொருளில் ஒரு வரியைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். ஆனால் இதைப் பார்த்ததும் வைரஸைப் பிடித்ததுபோல் கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்களிடையே ஓர் உடன்பாடு.

ஐகார் தளத்தில் அந்த வரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். ஆரோக்கியமான கணினியில் சில நொடிகளில் டிஃபெண்டர் செய்தி காட்டும், ஃபைல் மறைந்துவிடும். என் கணினியில் ஒருமுறை செய்து காட்டினேன். ஃபைலுக்குப் பெயர் வைத்த கை எடுப்பதற்குள் பிடித்துவிட்டது.

தங்கையின் லேப்டாப்பில் செய்தோம். ஃபைல் டெஸ்க்டாப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒரு சத்தமும் இல்லை. அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்தும் ஒன்றுமில்லை என்றே சொன்னது.

அதே 'மேனேஜ் செட்டிங்ஸ்' பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒரு பகுதி வரும். "இதையெல்லாம் பார்க்காதே" என்று டிஃபெண்டருக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் அது. திறந்தால் ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ் முழுவதும். காவல்காரர் முழித்துத்தான் இருக்கிறார், கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். மூன்று ஆன்டிவைரஸுக்கு முன்னாலேயே, கடையில் விற்கும்போதே இது நடந்திருக்கிறது. காசு கொடுக்காமல் விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்யும் கள்ளக் கருவியைப் போடும்போது டிஃபெண்டர் தடுக்கும். அதைச் சமாளிக்க மொத்த டிரைவையும் விலக்கு கொடுத்து விட்டார்கள். அந்த ஓட்டை வழியாக அதற்குப் பிறகு என்ன வந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

எனவே பழைய கணினி வாங்கியவர்கள் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டுக் கணினியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் காலியாக இருக்கும், இருக்க வேண்டும். 'அலோவ்டு த்ரெட்ஸ்' என்ற பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பிடித்ததை யாராவது மன்னித்து விட்டிருந்தால் அங்கே தெரியும்.

இன்னொரு சுவிட்ச் பாக்கி இருக்கிறது. 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்', 'ரெப்யூடேஷன்-பேஸ்டு ப்ரொடெக்ஷன்' என்று போனால் 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' இருக்கும். சட்டப்படி வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் யாரும் விரும்பிப் போடாத சரக்குக்கான தடுப்பு இது. விளம்பர உளவாளிகளில் பலவும் இந்த வகைதான். உள்ளே இருக்கும் இரண்டு டிக்கையும் போட்டுவிடுங்கள்.

விலக்கை நீக்கிவிட்டு மறுபடி குயிக் ஸ்கேன் ஓட்டினேன். இந்த முறை நான்கு பெயர்கள் சிவப்பில் வந்தன. ஒன்று ஐகார் ஃபைல். மற்ற மூன்றும் நிஜம்.

முழு ஸ்கேன், ஆஃப்லைன் ஸ்கேன்

'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' திறந்தால் 'ஃபுல் ஸ்கேன்' இருக்கும். ஃபைல்களின் அளவைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகலாம், நாலு மணி நேரமும் ஆகலாம். சார்ஜரை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள். அதே பக்கத்தில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே ஸ்கேன் ஓடும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் ரகங்கள் அப்போது கண் விழித்திருக்காது என்பதுதான் இதன் சூட்சுமம். கால் மணி நேரத்தில் முடியும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள், கேட்டுக்கொண்டிருக்காது. முடிவு 'ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும்.

இரண்டாவது டாக்டரிடம் போவது

டிஃபெண்டர் ஒன்றும் சாமானியமல்ல. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் வீட்டுக் கணினிகளுக்கு நடத்தும் சோதனைகளில் பல ஆண்டுகளாக நல்ல மதிப்பெண் வாங்குகிறது. இருந்தாலும் தொற்று ஏற்பட்ட கணினியில் இன்னொருவர் கருத்தும் கேட்பது நல்லது. இலவசக் கருவிகளைச் 'சோதித்துப் பார்ப்பது' உண்மையில் இந்தக் கட்டத்தில்தான். ஒரு நேரத்தில் ஒன்று, ஓட்டி முடித்ததும் நீக்கு, அப்புறம் அடுத்தது.

எங்கிருந்து இறக்குவது என்பதில்தான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். தேடல் முடிவின் தலையில் 'ஸ்பான்சர்டு' என்று வருவதைத் தொடாதீர்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதைப்பற்றி அறிவிப்பே விட்டது. குற்றவாளிகள் தேடல் விளம்பரத்தில் இடம் வாங்கி, அசல் போலவே இருக்கும் தளத்துக்கு இழுத்துப்போகிறார்கள், தேடும்போது விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. நிறுவனத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். ஃபைல் வந்ததும் ரைட் கிளிக், 'ப்ராப்பர்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்'. அங்கே நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாவலே இல்லையென்றால் ஃபைலை அழித்துவிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். கூகுளுக்குச் சொந்தமான இந்தத் தளம் அறுபது எழுபது ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கருத்துக் கேட்டுச் சொல்லும். பெயர் தெரியாத ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. இருபது காட்டினால் அது நிஜமான ஆபத்துதான். ஒன்று மட்டும் கவனம்: அங்கே ஏற்றும் ஃபைல் மற்ற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும். ஆதார் நகல், சம்பளச் சீட்டு மாதிரி எதையும் ஏற்றாதீர்கள்.

நான் ஓட்டும் வரிசை இது. முதலில் ஆட்வ்கிளீனர். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும். நிறுவ வேண்டியதில்லை, ஒற்றை ஃபைல், இரட்டை கிளிக் செய்தால் ஓடும். விளம்பரப் புழுக்கள், பிரவுசரைக் கடத்துபவை ஆகியவற்றில் கில்லாடி. ஸ்கேன் முடிந்ததும் ஒரு பட்டியல் தரும், அதைப் படித்துவிட்டு 'குவாரன்டைன்' கொடுங்கள். படித்துவிட்டு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. லேப்டாப் தயாரிப்பாளரே போட்டு அனுப்பிய மென்பொருள்களையும் அது 'ப்ரீஇன்ஸ்டால்டு' என்று தனியாகக் காட்டும். அவை ஸ்பைவேர் அல்ல. வேண்டாம் என்று தெரிந்தால் எடுக்கலாம், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

குரோம் மெனுவின் அடியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று வருகிறதா? அலுவலகக் கணினியில் அது சகஜம். வீட்டுக் கணினியில் வந்தால், சில பாதுகாப்பு மென்பொருள்கள் காரணமாக இருக்கலாம், அல்லது யாரோ உங்கள் பிரவுசருக்கு மேலதிகாரி ஆகியிருக்கிறார்கள். நீக்கினாலும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) திரும்ப முளைப்பது இதனால்தான். ஆட்வ்கிளீனர் செட்டிங்ஸில் குரோம் 'பாலிசி'களைப் பழைய நிலைக்குத் திருப்பும் சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டு ஓட்டினால் பெரும்பாலும் அந்த மேலதிகாரி பதவி இறங்கிவிடுவார்.

அடுத்தது மால்வேர்பைட்ஸ். நிறுவும்போது மின்னஞ்சல் கேட்கும், பிரவுசர் நீட்சி வேண்டுமா என்று கேட்கும், இரண்டையும் தாண்டிப் போகலாம். முதல் 14 நாள் கட்டணப் பதிப்பைச் சோதனைக்குத் தரும். அது முடிந்தால் இலவசப் பதிப்பு. நீங்கள் சொன்னால்தான் ஸ்கேன் செய்யும், தானாகக் காவல் காக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான். சோதனைக் காலத்தில் இது டிஃபெண்டரின் இடத்தில் உட்கார்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஆகவே வேலை முடிந்து நீக்கியபின் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ரியல்-டைம் திரும்ப 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஐகார் பரீட்சையை இன்னொரு முறை வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இதையும் நிறுவ வேண்டாம். டிஃபெண்டரையே முடக்கிவிட்ட கணினியில் கைகொடுக்கும். இறக்கிய பத்தாம் நாள் காலாவதியாகிவிடும், அடுத்த முறை புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். பழைய வைரஸ் பட்டியலை வைத்து ஏமாறக்கூடாது என்றுதான் இப்படி. இது ஓடும்போது நடுவில் 'இன்ஃபெக்டட் ஃபைல்ஸ்: 7' என்று எண் ஏறும், வயிற்றைக் கலக்கும். கடைசியில் "ஒன்றும் இல்லை" என்று முடிக்கும். பொய் சொல்லவில்லை. போகிற போக்கில் சந்தேகப்பட்டவற்றின் எண் அது, முடிவில் சரிபார்த்த பிறகு சொல்வதுதான் தீர்ப்பு.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தருவது நம் சென்னையின் கே7 என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம்.

இலவசம் என்றால் யார் காசு?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள். மால்வேர்பைட்ஸுக்கு விடை எளிது: கட்டணப் பதிப்பை விற்க இலவசத்தைக் காட்டுகிறார்கள். எல்லாருக்கும் விடை அப்படி எளிதாக இல்லை. அவாஸ்ட் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய இலவச ஆன்டிவைரஸ். தன் பயனர்கள் எந்தத் தளத்தில் என்ன பார்த்தார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் அது விற்றுவந்தது 2020 ஜனவரியில் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஜம்ப்ஷாட்டை உடனே மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, இனி விளம்பரத்துக்காக அந்தத் தகவலை விற்கவும் தடை போட்டது. உளவைத் தடுக்க வைத்த ஆளே உளவு! எனவே நிறுவும்போது 'டேட்டா ஷேரிங்' என்று ஒரு டிக் வந்தால் எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'பிரைவசி' பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

சுத்தம் செய்தபின்

ஸ்கேனர் பிடித்தது ஸ்டீலர் என்றால், அதை நீக்கியதோடு வேலை முடியாது. திருட்டு ஏற்கெனவே நடந்துவிட்டது. பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும், அதுவும் இந்தக் கணினியிலிருந்து அல்ல, உங்கள் போனிலிருந்தோ நம்பகமான இன்னொரு கணினியிலிருந்தோ. முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை. மின்னஞ்சல் போனால் மற்றதெல்லாம் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' வழியாகப் போய்விடும். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. ஸ்டீலர் எடுத்துப்போன குக்கியை வைத்துப் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைய முடியும். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி', 'யுவர் டிவைசஸ்' போய்த் தெரியாத சாதனங்களையெல்லாம் வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் முழுப் பதிப்பு ஓடும். குரோமில் இப்போது 'லைட்' பதிப்புதான், அதுவும் பரவாயில்லை. எழுத்துரு, தட்டச்சு மென்பொருள் தேடித் தெரியாத தளங்களில் பச்சை நிற 'டவுன்லோட்' பொத்தானை அழுத்துவது நம் ஆட்களின் தனிப் பழக்கம். அந்தப் பொத்தான் பெரும்பாலும் விளம்பரம். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸ் 10, 11-க்குள்ளேயே இருக்கின்றன. 'லாங்குவேஜ்' செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும்.

2024-லிருந்து புது மோசடி ஒன்று சுற்றுகிறது. "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க, விண்டோஸ் பொத்தானையும் ஆர்-ஐயும் அழுத்தி, கன்ட்ரோல்-வி கொடுத்து, என்டர் தட்டுங்கள்" என்று ஒரு தளம் கேட்கும். செய்தால் உங்கள் கையாலேயே ஸ்டீலரை இறக்கி ஓட்டியிருப்பீர்கள். எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு: அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் விண்டோஸிலேயே விழும் ஓட்டையை டிஃபெண்டரால் அடைக்க முடியாது. விண்டோஸ் 7-ல் இன்னும் இருப்பவர்கள் இந்தக் கருவிகளோடு மல்லுக்கட்டாமல் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் மாதிரி ஓர் இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது மேல்.

தங்கையின் லேப்டாப் என்ன ஆனது? நான்கு ஸ்கேனும் கடைசியில் சுத்தம் என்றுதான் சொல்லின. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் கண்ணைக் கட்டி வைத்திருந்த கணினியை ஸ்கேனர் சொல்லை மட்டும் வைத்து நம்ப எனக்கு மனமில்லை. பாடக் குறிப்புகளையும் படங்களையும் மட்டும் நகலெடுத்தோம். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை என் கணினியில் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி, டிரைவை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். லைசென்ஸ் கேட்டால் என்ன செய்வது என்று அவளுக்குக் கவலை. கேட்கவே இல்லை. அந்த லேப்டாப்போடு முதலில் வந்த 'ஹோம்' பதிப்பின் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருந்தது. நிறுவி முடித்து வைஃபை கிடைத்ததும் 'ஆக்டிவேட்டட்' என்று தானாகக் காட்டியது. கடைக்காரர் அதன் மேல் 'ப்ரோ' பதிப்பை ஏற்றி, அதற்காகக் கள்ளக் கருவியைப் போட்டு, அதற்காகச் சி டிரைவையே விலக்கிவைத்திருக்கிறார்.

"அப்போ அந்தக் கருவியே தேவைப்பட்டிருக்காதா அண்ணா?"

"தேவையே இல்லம்மா" என்றேன். எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தைத் தானே திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஐகார் வரியை நோட்பேடில் ஒட்டினாள். சேமித்த மறுநொடி செய்தி வந்தது.